ஜிரா ப்ரீமியம் ரிவ்யூ: சேஃப் டீம்களுக்கு எபிக்குக்கு மேல எத்தன லெவல் வேணும்?

டீம்களோட வேலைய பதிஞ்சு பாத்துக்கற டூலான ஜிரா க்ளவுடோட ப்ரீமியம் ப்ளான வாங்கலாமா, அதுல சேஃப் (ஸ்கேல்டு அஜைல் ஃப்ரேம்வொர்க், பல டீம் சேந்து வேல பாக்கறதுக்கான முறை) மாடலுக்கு ஏத்த மாதிரி ஹையரார்க்கி, அதாவது எந்த வேல எதுக்கு அடியில வரும்ங்கற அடுக்கு, போட முடியுமான்னு நெறைய பேர் கேக்கறாங்க. அதுலயும் ஏழெட்டு டீம் ஒரே ப்ராடக்ட்டுக்கு வேல பாக்கற எடத்துல ரிலீஸ் ட்ரெயின் இன்ஜினியராவோ (அந்த டீம்கள ஒருங்கிணைக்கறவர்) ஜிரா அட்மினாவோ இருந்தா இந்தக் கேள்வி தானா வந்து நிக்கும். என் பதில மொதல்லயே சொல்லிடறேன். முடியும், நல்லாவே முடியும், ஆனா ரெண்டு கண்டிஷன் இருக்கு. ஜிராவோட எபிக் லெவல (பல சின்ன வேலைகள ஒண்ணா கட்டற பெரிய வேல) சேஃப்ல சொல்ற ஃபீச்சரா மாத்திக்கணும், அதுக்கு மேல ஒரே ஒரு லெவல், ரொம்ப ரொம்ப அவசியம்னா ரெண்டு, அத்தோட நிறுத்திக்கணும். இந்த ரெண்டையும் செய்யாம ப்ரீமியத்துக்கு காசு கட்டினா வேல கூடுமே தவிர குறையாது.

ஏன்னு புரியணும்னா ஜிரா எப்படி வளந்துச்சுன்னு கொஞ்சம் பாக்கணும். சிட்னியில அட்லாசியன் 2002ல இத வெளியிட்டப்ப இது ஒரு பக் ட்ராக்கர், ஒரு டீம் தன்னோட வேலைய தானே பாத்துக்கறதுக்கான டூல். அந்த அடித்தளம் இன்னும் அப்படியே இருக்கு. அட்மின் செட்டிங்ஸ்ல ஹையரார்க்கி பக்கத்த தொறந்தீங்கன்னா நம்பர் போட்டு வச்சிருப்பாங்க, சப்-டாஸ்க் மைனஸ் 1, டீம் அன்றாடம் முடிக்கற ஸ்டோரி, டாஸ்க், பக் எல்லாம் 0, எபிக் 1. ஸ்பிரிண்டுக்குள்ள, அதாவது டீமோட குறுகிய வேல சுத்துக்குள்ள, எடுத்து வைக்கறது 0 லெவல் ஐட்டம் தான். ஸ்டாண்டர்ட் ப்ளான்ல இதோட கதை முடிஞ்சுது. ப்ரீமியம் வாங்கினா 2, 3, 4ன்னு மேல மேல அடுக்கிக்கலாம். ஆனா எபிக்குக்கும் ஸ்டோரிக்கும் நடுவுல ஒரு லெவல சொருக முடியாது, எந்த ப்ளான் வாங்கினாலும் முடியாது. (ஜிராவுல பதியற ஒவ்வொரு வேலைக்கும் இஷ்யூன்னு பேர், இப்ப அத ஒர்க் ஐட்டம்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா ஆஃபீஸ்ல எல்லாரும் இஷ்யூன்னு தான் சொல்றோம், நானும் அப்படியே எழுதறேன்.)

இந்த நடுவுல சொருக முடியாதுங்கற விஷயம் தான் சேஃபோட நேரா போய் மோதுது. டீன் லெஃபிங்வெல் 2011ல கொண்டு வந்த சேஃப்ல மேலருந்து கீழ எபிக், கேப்பபிலிட்டி, ஃபீச்சர், ஸ்டோரின்னு வரும். ஃபீச்சர்ங்கறது ஒரு பிஐக்குள்ள (ப்ளானிங் இன்டர்வெல், டீம்கள் சேந்து திட்டம் போடற காலம்), அதாவது 8லருந்து 12 வாரத்துக்குள்ள, ஒரு ட்ரெயின் முடிச்சு குடுக்கற அளவு வேல. ட்ரெயின்னா ஒண்ணா சேந்து வேல பாக்கற பல டீம், மொத்தம் 50லருந்து 125 பேர். எபிக் அத விட பெருசு, பல பிஐ ஓடும், அதுக்கு பிசினஸ் கேஸ் எழுதி போர்ட்ஃபோலியோவுல, அதாவது எதுக்கு காசு போடறதுன்னு முடிவு பண்ற மேல்மட்டத்துல, அப்ரூவல் வாங்கணும். கேப்பபிலிட்டி எப்ப வரும்னா பல ட்ரெயின் சேந்து ஒரே பெரிய சொல்யூஷன கட்டும்போது மட்டும் தான், கார், சேட்டிலைட் மாதிரி. சாதாரண பேங்கிங், ரீடெய்ல் ப்ராஜெக்ட்ல பெரும்பாலும் அது தேவையே இல்ல.

ஆக, ஜிராவுல ஸ்டோரிக்கு நேர் மேல இருக்கறது எபிக், சேஃப்ல ஸ்டோரிக்கு நேர் மேல இருக்கறது ஃபீச்சர். இத சரி பண்ண ஆளாளுக்கு ஒரு வழி புடிக்கறாங்க. சிலர் ஃபீச்சர்ங்கற டைப்ப ஸ்டோரியோட அதே 0 லெவல்ல போட்டுடறாங்க, அப்ப ஸ்டோரிய அதுக்கு அடியில பேரன்ட் பண்ணவே முடியாது, வெறும் லிங்க் போட்டு ஓட்டணும், ரோல்-அப் (கீழ நடந்த வேலைய கூட்டி மேல காட்டறது) ஒண்ணும் வராது. இன்னும் சிலர் எபிக்க அப்படியே விட்டுட்டு ஃபீச்சர அதுக்கு மேல 2ல வைக்கறாங்க. டெக்னிக்கலா அது ஓடும், ஆனா சேஃப் ட்ரெய்னிங் முடிச்சுட்டு வர்ற ப்ராடக்ட் மேனேஜர் தலைகீழா பாத்துட்டு ஒவ்வொரு மீட்டிங்லயும் கேள்வி கேட்டுட்டே இருப்பாரு. சரியான வழி லெவல் 1ஓட பேரையே ஃபீச்சர்னு மாத்தறது. இது நான் மட்டும் சொல்றது இல்ல. அட்லாசியன் 2019ல அஜைல்கிராஃப்ட்ங்கற கம்பெனிய வாங்கி ஜிரா அலைன்னு பேர் மாத்தி பெரிய நிறுவனங்களுக்கு விக்கறாங்க இல்லையா, அந்த அலைன் ஜிராவோட சிங்க் ஆகும்போது அதோட ஃபீச்சர் ஜிராவோட எபிக்கா தான் வந்து உக்காரும். அவங்களே அப்படித்தான் மேப் பண்ணி வச்சிருக்காங்க.

பேர் மாத்தும்போது ஒரு விஷயத்துல கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டு பாக்கணும். பழைய ஃபில்டர், டாஷ்போர்டு, ஆட்டோமேஷன் ரூல்ல எல்லாம் இஷ்யூடைப் ஈக்வல்ஸ் எபிக்னு எழுதி வச்சிருப்பாங்க. டைப்போட பேர ஃபீச்சர்னு மாத்தின உடனே அந்த ஃபில்டர் எல்லாம் எரர் காட்டும். எரர் வந்தா நல்லது, கண்ணுக்கு தெரியுது, போய் திருத்திடலாம். ஆனா மேல 2வது லெவலுக்கு புதுசா ஒரு டைப் உருவாக்கி அதுக்கு வெறும் எபிக்னு பேர் வச்சீங்கன்னா அதே ஃபில்டர் எரரே இல்லாம ஓடி வேற ஐட்டங்கள காட்டும், ரிப்போர்ட் பாக்கறவருக்கு எதுவும் மாறின மாதிரியே தெரியாது. அதனால மேல வைக்கறதுக்கு போர்ட்ஃபோலியோ எபிக்னு முழு பேர் வைங்க. சின்ன விஷயம் தான், ஆனா நம்பர் தப்பா மேல போறத இது ஒண்ணே தடுக்கும்.

இப்ப லெவல் எண்ணிக்கைக்கு வர்றேன், இந்த ரிவ்யூவுல நான் ரொம்ப அழுத்தி சொல்ல நெனைக்கறது இது தான். ஜிரா க்ளவுட்ல ஒரு இஷ்யூவுக்கு பேரன்ட் அதுக்கு சரியா ஒரு லெவல் மேல இருக்கணும், தாண்டிப் போக முடியாது. அதோட இந்த ஹையரார்க்கி சைட் முழுக்க ஒண்ணு தான், ப்ராஜெக்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வச்சுக்க முடியாது. இந்த ரெண்டையும் சேத்து வச்சு யோசிங்க. ஒரே ஒரு டிவிஷன்ல பல ட்ரெயின் சேந்து வேல பாக்குது, அவங்களுக்கு கேப்பபிலிட்டி வேணும்னு நீங்க ஒரு லெவல் சேத்தா, மத்த எல்லா டிவிஷனும் ஃபீச்சர எபிக்கோட இணைக்கணும்னா நடுவுல ஒரு கேப்பபிலிட்டி உருவாக்கியே ஆகணும். தேவ இருக்கோ இல்லையோ. இல்லன்னா மேல போற ரோல்-அப் அங்கயே அறுந்து போயிடும்.

இதோட விளைவ நேர்ல பாத்திருக்கேன். ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், கன்சல்டன்ட் வந்து சேஃப் படத்த அப்படியே பாத்து தீம், இனிஷியேட்டிவ், எபிக், கேப்பபிலிட்டி, ஃபீச்சர், ஸ்டோரின்னு வரிசையா அடுக்கிட்டு போயிட்டாரு. அப்புறமா தான் நாங்க உள்ள போனோம். கேப்பபிலிட்டி லிஸ்ட்ட தொறந்து பாத்தா பாதிக்கு மேல அடியில ஒரே ஒரு ஃபீச்சர், ரெண்டுக்கும் எழுத்து மாறாம ஒரே தலைப்பு. ஒரு டெவலப்பர் ஸ்டோரி க்ரியேட் பண்ணிட்டு அது எதுக்கு அடியில போகுதுன்னு ஒவ்வொரு பேரன்ட்டா மேல பாத்துட்டே போனா "லாகின் ரீடிசைன், லாகின் ரீடிசைன், லாகின் ரீடிசைன்"னு வரிசையா நிக்குது. சர்ச்ல அந்த பேர அடிச்சா எது எந்த லெவல்னு ஐகான் கலர வச்சு தான் கண்டுபிடிக்கணும். ஃபீச்சர் ஸ்டேட்டஸ் மாத்தினவங்க கேப்பபிலிட்டிய மாத்த மறந்துட்டாங்க, வேற சில எடத்துல கேப்பபிலிட்டி முடிஞ்சுதுன்னு போட்டதுக்கு அப்புறமும் அடியில ஸ்டோரி ஓடிட்டு இருந்துச்சு. மேனேஜ்மென்ட் ரிப்போர்ட் எடுக்கறது கேப்பபிலிட்டிலருந்து. அப்ப அந்த ரிப்போர்ட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்னு சொல்லுங்க. அதுல ரெண்டு லெவல தூக்கறதுக்கு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, ஏன்னா ஒரு டைப்ப வேற லெவலுக்கு மாத்தினா ஏற்கனவே இருந்த பேரன்ட் சைல்ட் கனெக்ஷன் உடையும், எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சு மறுபடி பேரன்ட் போட வேண்டியதா போச்சு.

இன்னொண்ணு, டீமையும் டைமையும் ஹையரார்க்கிக்குள்ள கொண்டு வராதீங்க. டீம் பேர்ல ஒரு எபிக், பிஐ பேர்ல ஒரு எபிக்னு போடற பழக்கம் நெறைய எடத்துல இருக்கு. ஒரு இஷ்யூவுக்கு ஒரே ஒரு பேரன்ட் தான், அந்த எடத்த பிஐக்கு குடுத்துட்டா அந்த வேல எந்த ஃபீச்சருக்காக நடக்குதுங்கற தகவலுக்கு எடமே இல்லாம போயிடும். டீமுக்கு டீம் ஃபீல்டு இருக்கு. ட்ரெயினுக்கு ஒரு ப்ராஜெக்ட் வச்சு அதுல ஃபீச்சர்கள போட்டு, டீம்களுக்கு தனித்தனி ப்ராஜெக்ட்ல ஸ்டோரி வைங்க. ஃபீச்சர் ஒரு ப்ராஜெக்ட்லயும் அதோட ஸ்டோரி நாலு ப்ராஜெக்ட்லயும் இருக்கறத ஜிரா தாராளமா ஏத்துக்கும். சப்-டாஸ்க் மட்டும் அப்படி இல்ல, தன்னோட பேரன்ட் இருக்கற ப்ராஜெக்ட்ல தான் இருக்கும்.

ட்ரெயின் லெவல்ல ஃபீச்சர் கான்பான் போர்டு (வேல எந்த கட்டத்துல இருக்குன்னு கார்டு கார்டா காட்டற பலகை) போடறவங்களுக்கு ஒரு டிப். போர்டு செட்டிங்ஸ்ல எபிக் பேனல் ஆன்ல இருந்தா லெவல் 1 ஐட்டம் எல்லாம் பேனலுக்கு போயிடும், கார்டா வராது. போர்டு காலியா நிக்குதேன்னு ஃபில்டர போட்டு நோண்டிட்டு இருக்காம அந்த பேனல ஆஃப் பண்ணுங்க.

சரி, ப்ரீமியம்ல உண்மையிலயே காசுக்கு பெறுமானமா இருக்கறது எதுன்னா, பல டீமோட வேலைய ஒரே டைம்லைன்ல பாத்து திட்டம் போடற ப்ளான்ஸ். முன்னாடி போர்ட்ஃபோலியோ ஃபார் ஜிராவா இருந்துச்சு, அப்புறம் அட்வான்ஸ்டு ரோட்மேப்ஸ், இப்ப ப்ளான்ஸ். இதோட அருமை என்னன்னா நீங்க அதுல பண்ற எந்த மாற்றமும் உடனே ஜிராவுக்கு போகாது, ரிவ்யூ சேஞ்சஸ் போய் சேவ் குடுக்கற வரைக்கும் அது உங்க ட்ராஃப்ட்ல தான் இருக்கும். பிஐ ப்ளானிங் நடக்கற எடத்துல இது எவ்ளோ பெரிய உதவின்னு அனுபவிச்சவங்களுக்கு தெரியும். பேமென்ட்ஸ் டீம் ஒரு ஃபீச்சர மூணாவது ஸ்பிரிண்ட்ல வச்சிருக்காங்க, அதுக்கு ஐடென்டிட்டி டீமோட ஏபிஐ வேணும், ஐடென்டிட்டி டீம் "எங்களால ரெண்டாவதுல முடியாது, நாலாவதுல தான்"னு சொல்றாங்க. ப்ரொஜெக்டர்ல ப்ளான தொறந்து வச்சு ஐடென்டிட்டி வேலைய காட்டற பட்டைய புடிச்சு வலது பக்கம் இழுத்தா அந்த நொடியே டிபென்டன்சி பேட்ஜ் (ஒரு வேல இன்னொண்ண நம்பி இருக்கறத காட்டற குறி) சிவப்பாகும். ரெண்டு டீமும் அத பாத்துட்டே பேசறாங்க, பேமென்ட்ஸ தள்ளி பாக்கறோம், அப்ப ரிலீஸ் தேதி இடிக்குது, மறுபடி பழைய எடத்துக்கே கொண்டு வந்து ஐடென்டிட்டி டீம்ல வேற ஒரு ஃபீச்சர வெளிய எடுக்கறோம். பேசி முடிவு ஆனதும் அந்த ரெண்டு மாற்றத்த மட்டும் டிக் பண்ணி சேவ், மிச்சத்த டிஸ்கார்டு. இவ்ளோ நேரம் நடந்த இழுபறி எதுவும் டீம் போர்டுல எட்டிக்கூட பாக்கல. டூல் இல்லாம செவுத்துல கார்டு ஒட்டி, எது எத நம்பி நிக்குதுன்னு சிவப்பு நூல் கட்டி பாக்கறதுல ஒரு எல்லாரும் சேந்து நிக்கற உணர்வு உண்டு, அத நான் மறுக்கல, ஆனா "இத தள்ளினா என்ன ஆகும்"ங்கற கேள்விக்கு நூல் பதில் சொல்லாது.

ரோல்-அப்பும் நல்லா இருக்கு, ஆனா எத நம்பறதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். ப்ராக்ரஸ் காட்ட ரெண்டு நெடுவரிசை உண்டு, ஒண்ணு இஷ்யூ எண்ணிக்கைய வச்சு, இன்னொண்ணு எஸ்டிமேட்ட, அதாவது வேலையோட அளவுக்கு டீம் போடற பாயின்ட்ட வச்சு. எஸ்டிமேட் போடாத ஸ்டோரி ரெண்டாவது கணக்குல வரவே வராது. அப்ப ஒரு ஃபீச்சருக்கு அடியில நாலு ஸ்டோரி இருக்கு, மூணுக்கு பாயின்ட் போட்டு முடிச்சாச்சு, நாலாவது தான் பெருசு, அதுக்கு இன்னும் பாயின்ட் போடலன்னா பார் முழுசா பச்சையா நிக்கும். முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச கதை தான். ரெண்டு நெடுவரிசையையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, ரெண்டும் ரொம்ப விலகி இருந்தா அந்த ஃபீச்சர தொறந்து பாருங்க. அதே மாதிரி பேரன்ட் இல்லாத இஷ்யூக்கள ப்ளான்ஸ் தனி குரூப்பா காட்டும், பக் எல்லாம் பெரும்பாலும் அங்க தான் குவிஞ்சு கெடக்கும். வாரம் ஒரு தடவ அந்த குரூப்ப தொறந்து பாக்கற பழக்கத்த ஸ்க்ரம் மாஸ்டர்களுக்கு கொண்டு வந்துட்டா பாதி டேட்டா பிரச்சன போயிடும்.

டீம்-மேனேஜ்டு ப்ராஜெக்ட் (அட்மின் இல்லாம டீமே செட்டிங்ஸ பாத்துக்கறது) வச்சிருக்கற டீம் ட்ரெயினுக்குள்ள வந்தா அது தனி தலைவலி. அதுல இஷ்யூ டைப் எல்லாம் அந்த ப்ராஜெக்டுக்கே சொந்தம், நீங்க மேல பேர் மாத்தினது அங்க போகாது. பாயின்ட்டும் வேற ஃபீல்டு, அட்மின் பாத்துக்கற கம்பெனி-மேனேஜ்டுல ஸ்டோரி பாயின்ட்ஸ், இங்க ஸ்டோரி பாயின்ட் எஸ்டிமேட். பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால யாருக்கும் சந்தேகமே வராது, கூட்டல் மட்டும் இடிக்கும். ட்ரெயின்ல சேர்ற எல்லா டீமையும் கம்பெனி-மேனேஜ்டுக்கு மாத்திட்டு அப்புறம் ஆரம்பிங்க.

தேடறதுக்கு ஜேக்யூஎல்ல (ஜிராவோட தேடல் மொழி) போர்ட்ஃபோலியோ-சைல்ட்-இஷ்யூஸ்-ஆஃப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒரு போர்ட்ஃபோலியோ எபிக்கோட கீ குடுத்தா அதுக்கு அடியில எத்தன லெவல் இருந்தாலும் எல்லாத்தையும் இழுத்துட்டு வந்துரும். வெறும் பேரன்ட்னு போட்டா நேரடி பிள்ளைங்க மட்டும் தான் வரும். டாஷ்போர்டு போடறவங்க இத கையோட கத்துக்கங்க.

இல்லாதது என்னன்னா, பிஐங்கற ஒரு பொருளே ஜிராவுல கிடையாது. ஸ்பிரிண்ட் இருக்கு, ரிலீஸ் இருக்கு, நடுவுல பிஐக்கு ஒண்ணும் இல்ல. கஸ்டம் ஃபீல்டு போட்டு ட்ராப்-டவுன்ல வச்சுக்கறது தான் நடைமுறை. லேபிள் வேண்டாம், ஒருத்தர் ஹைபன் போட்டு அடிப்பாரு, ஒருத்தர் போடாம அடிப்பாரு. எந்த வேலைய மொதல்ல எடுக்கறதுன்னு சேஃப்ல கணக்கு போடற டபிள்யூஎஸ்ஜேஎஃப்பும் உள்ள இல்ல, பிசினஸ் வேல்யூ, டைம் க்ரிட்டிக்காலிட்டி, ரிஸ்க் ரிடக்ஷன் மூணையும் கூட்டி ஜாப் சைஸால வகுக்கறதுக்கு நாலு நம்பர் ஃபீல்டும், விடைக்கு இன்னொரு ஃபீல்டும், ஒரு ஆட்டோமேஷன் ரூலும் போட்டா போதும், அது பெரிய வேல இல்ல. பிஐ அப்ஜெக்டிவ், ப்ளானிங் போர்டு மாதிரி விஷயங்களுக்கு ஈஸி அஜைல் ப்ரோக்ராம்ஸ் மாதிரி ஆட்-ஆன் பக்கம் தான் போகணும். ஹையரார்க்கிய லிங்க் வச்சு இஷ்டத்துக்கு அடுக்கி பாக்கணும்னா ஸ்ட்ரக்சர்னு ஒரு ஆட்-ஆன் பல வருஷமா இருக்கு. ஆனா ஒவ்வொரு ஆட்-ஆனும் தனி காசுங்கறது ஞாபகம் இருக்கட்டும்.

ஜிராவுக்கு போட்டியா இருக்கற மைக்ரோசாஃப்ட்டோட அஸூர் டெவ்ஆப்ஸோட ஒப்பிட்டு சொல்லணும்னா, ஹையரார்க்கில அது ஒரு படி முன்னாடி. அஜைல் ப்ராசஸ் எடுத்தாலே எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி, டாஸ்க்னு சேஃப் வரிசையிலயே வரும், பேர் மாத்தற வேல இல்ல. ஸ்பிரிண்டுகள அடுக்கி வைக்கற இட்டரேஷன் பாத் மரம் மாதிரி கிளை விடறதால மேல பிஐ, அடியில ஸ்பிரிண்ட்னு வச்சா எல்லா டீமும் அதே ஸ்பிரிண்ட எடுத்துக்கும். ஜிராவுல ஒவ்வொரு டீமும் தன் ஸ்பிரிண்ட தானே உருவாக்கி பேர ஒரே மாதிரி வைக்கணும், தேதி ஒரு நாள் தள்ளிப் போனாலும் கவனிக்க ஆள் வேணும். அஸூரோட டெலிவரி ப்ளான்ஸ்ல டிபென்டன்சி கோடு தேதி இடிச்சா சிவப்பாவும் இல்லன்னா கறுப்பாவும் வரும், பாக்க தெளிவா இருக்கும். ஆனா அங்க ட்ராஃப்ட் கெடையாது, இழுத்தா இழுத்தது தான், உடனே சேவ் ஆயிடும். நூறு பேர் முன்னாடி "இப்படி வச்சா என்ன"ன்னு பேசற எடத்துல எனக்கு ஜிரா தான் கை குடுக்குது. ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் பக்கம் இருக்கறவங்க இதுக்காக ஜிராவுக்கு மாற வேண்டாம், ஜிராவுல இருக்கறவங்க ஹையரார்க்கிக்காக அங்க போக வேண்டாம்.

விலைய பத்தி சொல்லாம விட முடியாது. ப்ரீமியம் ஸ்டாண்டர்ட விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுவும் யூசருக்கு. ப்ளான்ஸ தொறந்து பாக்கறது ட்ரெயினுக்கு பத்து பேர் தான் இருப்பாங்க, ஆனா அந்த சைட்ல இருக்கற எல்லா ஜிரா யூசருக்கும் கட்டணும், பத்து பேருக்கு மட்டும்னு வாங்க வழி இல்ல. ஒரே ட்ரெயின், அம்பது பேர்னா நான் ஸ்டாண்டர்ட்லயே லெவல் 1ல ஃபீச்சர்னு வச்சு போர்ட்ஃபோலியோ எபிக்க ஒரு தனி ப்ராஜெக்ட்ல லிங்க் பண்ணி ஓட்டச் சொல்லுவேன், ரோல்-அப் கையால பாக்கணும், ஆனா அந்த அளவுக்கு அது கஷ்டம் இல்ல. ரெண்டு ட்ரெயினுக்கு மேல போயி, ஒண்ணோட ஃபீச்சர் இன்னொண்ண நம்பி நிக்கற நெலம வந்துட்டா ப்ரீமியம் தாராளமா வாங்கலாம்.

மார்க் போடணும்னா ப்ளான்ஸுக்கு அஞ்சுக்கு நாலரை, ஹையரார்க்கிக்கு மூணு. அந்த மூணும் லெவல் தாண்ட விடாததாலயும் ப்ராஜெக்டுக்கு தனியா வைக்க விடாததாலயும் தான், இந்த ரெண்டுல ஒண்ண மாத்தினா கூட நாலு போடுவேன்.

வாங்கினவங்க மொதல்ல செய்ய வேண்டியது: ப்ரீமியத்தோட சேன்ட்பாக்ஸ் (சோதிச்சு பாக்கறதுக்கான தனி சைட்) வரும், அதுல உங்க ப்ரொடக்ஷன், அதாவது நெஜமா ஓடற சைட்டோட டேட்டாவ காப்பி பண்ணிட்டு அங்க பேர் மாத்திப் பாருங்க. எந்த ஃபில்டர் எரர் அடிக்குது, எந்த ஆட்டோமேஷன் நிக்குதுன்னு ஒவ்வொண்ணா எழுதி வச்சு, ஓனர் யாருன்னு பாத்து அவங்ககிட்ட சொல்லிட்டு, அப்புறம் தான் ப்ரொடக்ஷன்ல கை வைங்க. அதையும் பிஐ நடுவுல வேண்டாம், டீம் எல்லாம் கொஞ்சம் மூச்சு விடற ஐபி இட்டரேஷன்ல (பிஐயோட கடைசியில வர்ற இன்னொவேஷன் அண்ட் ப்ளானிங் சுத்து), அடுத்த ப்ளானிங்குக்கு முன்னாடி முடிச்சுடுங்க.